வாய்க்கரிசிக் காட்சி

கமெராவுக்கு முன்னால் நான் பதினொரு தடவை செத்திருக்கிறேன். துவக்குச் சூட்டில் நான்கு தடவை, மாரடைப்பில் மூன்று தடவை. மிச்ச நான்கும் எதனால் என்று எனக்கே யாரும் சொல்லவில்லை. ரக்ஸி ஓட்டியதற்குக் கணக்கில்லை. இன்றுவரை என்னிடம் ரக்ஸி ஓட்டும் உரிமம் கிடையாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன். இவை தவிர, கெட்ட செய்தி சொல்லும் வைத்தியர், கெட்ட செய்தி கேட்கும் தகப்பன், கடையைக் கொள்ளையடிக்கும்போது இரண்டு கையையும் தூக்குகிற கடைக்காரன். ரொறன்ரோவில் எடுக்கிற ஆங்கிலப் படங்களில் எங்களைப் போன்ற முகங்களுக்குக் கிடைக்கிற வேலை இதுதான். மரியாதையாகக் குணச்சித்திர நடிகர் என்பார்கள். வீட்டில் என் மனைவி இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள், அதை இங்கே எழுத முடியாது.

இப்போது வேடம் கேட்டு ஒவ்வொரு ஓடிசனாக ஏறி இறங்கும் பிள்ளைகளாகிய நீங்கள், உங்கள் ஒன்றுகூடலில் வாசிக்க என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டீர்கள். வசனத்தை எப்படிப் பாடமாக்குவது, பதினான்கு மணி நேரம் காத்திருக்கும்போது முதுகை எப்படிக் காப்பாற்றுவது என்று இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். அதெல்லாம் ஆறு மாதத்தில் உங்களுக்குத் தானாகவே வந்துவிடும். நான் முப்பது வருடத்தில் பழகாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் இங்கிலாந்துக்காரக் கிழவர் இங்கே நடித்துக்கொண்டிருந்தார். எண்பத்தைந்து வயதிருக்கும். படங்கள் பேசாத காலத்தில், மீசை அரும்பிய வயதில், லண்டனுக்கு வெளியே ஒரு கொட்டகையில் நடிக்கத் தொடங்கியவர். ஆயுள் முழுக்க நீதிபதியாகவும் பாதிரியாராகவும் பணக்கார வீட்டில் கதவு திறக்கிற வேலைக்காரனாகவும் நடித்தவர். அவருடைய பெயர் எந்தச் சுவரொட்டியிலும் வந்ததில்லை. அவர் நீதிபதியாகவும் நான் நீதிமன்றத்தில் அழுகிற தகப்பனாகவும் நடித்த ஒரு படத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. அங்கே அவர் எனக்கு ஒரு குதிரையின் கதையைச் சொன்னார்.

அவருடைய தகப்பன் குதிரை லாயத்தில் வேலை செய்தவராம். அந்தக் காலத்துப் படமொன்றில் கிழட்டுக் குதிரையொன்று கல்மதிலைப் பாய வேண்டியிருந்தது. இயக்குநர் இவரைக் கூப்பிட்டு, உனக்குக் குதிரை தெரியுமே, இது பாயுமா என்று கேட்டிருக்கிறார். பாயாது என்பது அதன் முழங்காலைப் பார்த்ததுமே இவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இருபது வயதுப் பெடியனை இயக்குநர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாயும் ஐயா என்று சொல்லிவிட்டார். குதிரையின் கால் முறிந்தது. அன்று பின்னேரமே அதைச் சுட்டுவிட்டார்கள்.

"அந்த இடத்தில் குதிரையைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்" என்றார் கிழவர். அறுபது வருடத்துக்கும் மேலான கதையைச் சொல்லி முடித்ததும் அவர் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். குதிரைக்காகவா இந்த மனிதன் இவ்வளவு வருத்தப்படுகிறார் என்று நான் நினைத்தேன். கேட்டுத் தலையாட்டினேன். எதுவும் விளங்கவில்லை.

அதன் பிறகு எனக்கு வந்த முதல் பாடம் தேங்காயில் வந்தது. ஒரு தொலைக்காட்சித் தொடரில் கல்யாண வீடு. நான் பெண்ணின் தகப்பன். வாசலில் நிறைகுடம் வைத்திருந்தார்கள். கும்பத்தின் மேல் தேங்காயைக் குடுமி கீழே போகும்படி தலைகீழாகக் குத்தி வைத்திருந்தார்கள், ஆடாமல் நிற்கட்டும் என்று. அதை வைத்த பெண் மிகுந்த பணிவோடு என்னிடம் வந்து, இது சரிதானா, உங்கள் வழக்கம் இப்படித்தானா என்று கேட்டாள். மதியச் சாப்பாட்டு நேரம். திருத்தச் சொன்னால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். நான், மிகச் சரி, அழகாக இருக்கிறது என்றேன்.

அந்தத் தொடர் வந்த வாரம் அஜின்கோர்ட்டில் எங்கள் ஆட்களின் மரக்கறிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் தராசை விட்டுவிட்டு வந்தார்.

"அண்ணை, நிறைகுடம் தளும்பாது எண்டு சொல்லுறவை. உங்கட குடத்தில தேங்காயே தலைகீழா நிக்குது. நீங்கள் பக்கத்தில நிண்டு சிரிக்கிறியள்."

"அது அவையள் வைச்சது."

"அவைக்கு என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை."

ஒரு வருடம் என்னை அந்தக் கடையில் தேங்காய் அண்ணை என்றார்கள். மானம் கப்பலேறிவிட்டது. இனி எங்கள் வழக்கம் எது கமெராவில் வந்தாலும் ஒரு முடி பிசகாமல் செய்விப்பேன் என்று மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன். அது தப்பான பாடம் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஈழத்தில் நடந்த எங்கள் ஊர்ப் போரைப் பின்னணியாக வைத்து இங்கே ஒரு படம் எடுத்தார்கள். நான் மகனைப் பறிகொடுத்த தகப்பன். என் வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய வேடம் அது. அஜக்ஸுக்கு வடக்கே ஒரு பண்ணை நிலத்தில் ஓலைக் கொட்டில் போட்டு, தொட்டியில் வளர்ந்த பனைகளைக் கொண்டுவந்து நட்டு, வன்னியில் ஒரு முற்றம் செய்திருந்தார்கள். இயக்குநர் ஓர் இளம் பெண். இங்கேயே பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளை. நல்ல பிள்ளை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், இந்தக் கதையில் குற்றம் அவளுடையதல்ல.

செத்த வீட்டுக் காட்சிக்கு முற்றத்தில் நிற்க எங்கள் பெண்கள் பதினைந்து பேர் வேண்டும் என்றார்கள். ஸ்காபரோவில் முதியோர் கூடுகிற இடத்தில் சொல்லி நான்தான் பிடித்துக் கொடுத்தேன். அவர்களில் ஒருவர் தவமலரக்கா. தங்கை வீட்டுக் கீழ்த்தளத்தில், பேஸ்மென்றில், இருப்பவர். என் மனைவி வெள்ளிக்கிழமைகளில் அவரையும் ஏற்றிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவாள். "வீட்டுக்குள்ள இருந்து இருந்து விசர் பிடிக்குது தம்பி, நானும் வாறன், சும்மா நிண்டால் காணும்தானே" என்று தானாகவே கேட்டு வந்தார்.

தவமலரக்காவின் மகன் சுதன் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். சனத்தோடு சனமாக நடந்து வந்தபோது தண்ணீர் எடுக்கப் போனவன் திரும்பவில்லை. அவனுக்கு அக்கா திவசம் செய்ததில்லை. இறந்துவிட்டான் என்று எழுதியிருந்த எந்தப் பத்திரத்திலும் அவர் கையெழுத்து வைத்ததில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில் அவன் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வார். உயிரோடிருப்பவர்களுக்குச் செய்கிற அர்ச்சனை. ஐயர் அந்தப் பெயரைச் சொல்லும் அந்த ஒரு கணத்துக்காகவே அக்கா அந்த வாரம் முழுக்க வாழ்ந்தார் என்று சொன்னால் அது மிகையில்லை. இது எல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பண்ணையில் இதைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

கதைப்படி முற்றத்தில் என் மகனின் உடல் கிடத்தியிருக்கிறது. மகனாக நடித்தவன் நிரோஷ் என்ற பெடியன். யூனியன்வில்லில் பிறந்து வளர்ந்தவன், நாடகம் படித்தவன், மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடப்பதில் கெட்டிக்காரன். எழுதிய காட்சியில் எல்லோரும் அழுகிறார்கள், அவ்வளவுதான். இயக்குநர் என்னிடம் வந்து, உங்கள் ஆட்கள் இந்தக் கட்டத்தில் உண்மையில் என்ன செய்வார்கள் என்று கேட்டாள்.

தேங்காய் என் நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து நின்று வாய்க்கரிசியைப் பற்றி விளக்கினேன். உடலை எடுக்கும் முன் உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து வாயில் அரிசி போடுவார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு இந்த வீட்டில் சோறு இல்லை, அதுதான் கடைசி. அவள் கண் விரிந்தது. தாய் அரிசி போடட்டும், அப்போது கமெரா தகப்பனின் முகத்தில் நிற்கட்டும் என்றாள். என் முகத்தில். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். நீங்கள் தாங்கும் வரை என்றாள். இந்தத் தொழிலில் இதைக் கேட்பதற்காகத்தான் நான் அத்தனை தடவை செத்தேன் என்று அந்த நிமிடம் தோன்றியது.

தாயாக நடித்தவர் சென்னையிலிருந்து வந்து இங்கே குடியேறிய நடிகை. விஷயத்தைக் கேட்டதும், "எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க சார். அழறேன், விழுந்து புரள்றேன். அரிசி மட்டும் போட மாட்டேன்" என்று என்னிடம் தமிழிலும் இயக்குநரிடம் ஆங்கிலத்திலும் சொன்னார். இயக்குநர் சரி என்றாள். ஒரு முகச்சுளிப்பும் இல்லை. வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்பதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறகு இயக்குநர் கூட்டத்தைப் பார்த்தாள். தவமலரக்காவில் அவள் பார்வை நின்றது. யார் பார்த்தாலும் அந்த முகத்தில்தான் நிற்கும். "அவரிடம் கேளுங்கள். அத்தையோ பெரியம்மாவோ என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கு விருப்பமில்லை என்றால் ஒன்றுமில்லை, அரிசியை விட்டுவிடுவோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அக்காவிடம் போனேன். கேட்டேன்.

"தம்பி, உதை நான் செய்யமாட்டன். என்ர பிள்ளை இருக்கிறான்."

"அக்கா, இது நடிப்புத்தானே. உந்தப் பெடியன் செத்தே போனான்? இப்ப எழும்பிக் கோப்பி குடிப்பான், பாருங்கோ."

"நடிப்பெண்டு எனக்கும் தெரியும். கை என்ர கைதானே, தம்பி."

அந்த வசனத்தை எந்தக் கதாசிரியரும் எழுதியிருக்க முடியாது. அதைக் கேட்ட பிறகும் நான் அங்கேயே நின்றேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, இன்னும் அரை மணி நேர வெளிச்சம் இருந்தால் அதிகம். திரும்பி இயக்குநரைப் பார்த்து, அவர் கொஞ்சம் கூச்சப்படுகிறார், ஒரு நிமிடம் தாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு அக்காவின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன்:

"அவ கட்டாயம் வேணும் எண்டுறா அக்கா. நீங்கள் செய்யாட்டில் இண்டைக்கு ஒருதரும் வீட்டை போகேலாது. இவ்வளவு சனமும் உங்களுக்காகத்தான் நிக்குது."

இரண்டு மொழியில் இரண்டு பொய். நடுவில் நின்ற எனக்குத்தான் இரண்டு மொழியும் தெரியும்.

அக்கா சுற்றிப் பார்த்தார். காலையிலிருந்து நின்று கால் வீங்கிப்போன பெண்கள் மர வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை வீட்டில் பால் விடாத ஒரு பிளேன்ரீ போட்டுக் குடிப்பதில்கூட யாருக்கும் இடைஞ்சல் வந்துவிடக் கூடாது என்று யோசிக்கிற மனுசி அவர். "என்னால ஏன் ஆக்கள் நிக்கவேணும்" என்று எழும்பினார்.

முதல் தடவை அவர் கை தவறி அரிசி நிரோஷின் நெஞ்சில் கொட்டியது. இரண்டாம் தடவை சரியாகப் போட்டார், ஆனால் முகம் மரத்துப்போய் இருந்தது. இயக்குநர் திரையில் பார்த்துவிட்டு, போதும், இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றாள். போதும் என்றே சொன்னாள். இன்னொன்று எடுப்போம் என்று கேட்டவன் நான். என் கண்ணீர் இரண்டாம் தடவையும் சரியான நேரத்துக்கு வரவில்லை. எனக்கு முன்னால் ஒருவர் மெய்யாக அழுதால் எனக்கும் வரும் என்று எனக்குத் தெரியும்.

எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போகும்போது அக்காவின் காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன்: "அக்கா, சுதனை நினையுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். கோபத்தோடு பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவன் இதையும் கேட்கிறானா என்று விளங்காமல் பார்த்தார். பிறகு முழங்காலிட்டு, நிரோஷின் நெற்றியிலிருந்த தலைமுடியை ஒதுக்கி, அரிசியைப் போட்டார். அப்போது அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒப்பாரி இல்லை, சொல்லும் இல்லை. என் கண்ணீர் சரியான நேரத்துக்கு வந்தது. கமெரா என் முகத்திலேயே நின்றது. முடிந்ததும், நல்ல காட்சி அமைந்தால் செய்வதுபோல, எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

நிரோஷ் எழும்பி அரிசியைத் துப்பிவிட்டு என்னிடம் வந்தான். "அங்கிள், உந்த ரைஸ் எதுக்கு? வட் டஸ் இற் மீன்?"

"அது ஒரு மாதிரி ஆசீர்வாதம் தம்பி" என்றேன்.

அவன் "தாங்க் யூ அன்ரி" என்று சொல்லிக்கொண்டு அக்காவிடம் போனான். அவன் உயிரோடு நடந்து வருவதைக் கண்டதும் அக்கா இரண்டு அடி பின்னால் போனார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் எல்லோரும் கதைத்துச் சிரித்தார்கள். அக்கா வலது கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு 401 நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்த என் மனைவி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"தவமலரக்கா இண்டைக்கு அர்ச்சனைச் சீட்டு எடுக்கேல்லை."

"ஏன், காசு கொண்டுவரேல்லையோ?"

"நான் எடுத்துத் தாறன் எண்டு சொன்னனான். 'அர்ச்சனை உயிரோட இருக்கிறவைக்குத்தானே' எண்டு சொல்லிப்போட்டு வெளியில போய் இருந்திட்டா. அங்க என்ன செய்வித்தனீங்கள்?"

சொன்னேன். பாதியைத்தான் சொன்னேன். காதில் சொன்னதைச் சொல்லவில்லை. அவள் அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவிடமிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தாள்: அந்தப் பெடியனை ஒருக்கால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர வேணுமாம். வாய்க்கரிசி போட்ட கையால் அவனுக்கு ஒரு வாய் சோறு குடுக்க வேணுமாம். வேறொன்றும் வேண்டாமாம்.

கேட்டது அவ்வளவுதான். அக்கா வீட்டுக்கும் யூனியன்வில்லுக்கும் இடையில் இருபது நிமிடக் கார் ஓட்டம். நான் இரண்டு வருடம் அதைச் செய்யவில்லை. பெடியன் வன்கூவருக்குப் போய்விட்டான் என்றேன். அடுத்த மாதம் வருகிறான் என்றேன். உண்மையில், அவனைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் அரிசியின் அர்த்தத்தை அவனுக்குச் சொல்ல வேண்டும். ஆசீர்வாதம் என்று நான் சொன்னதையும் சொல்ல வேண்டும். படம் வெளிவந்தது. தகப்பனின் அந்த முகத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு நல்ல வேடங்கள் வந்தன. ஒன்றில் நீதிபதியாகவும் இருந்தேன். அந்தக் காலம் முழுக்க, வெள்ளிக்கிழமை வந்தால் நான் வீட்டில் இருப்பதில்லை.

கடைசியில் நிரோஷ்தான் என்னைப் பிடித்தான். ஒரு ஓடிசனுக்குக் காத்திருந்த இடத்தில் வந்து எதிரே நின்றான்.

"அங்கிள், நீங்கள் பிளெஸிங் எண்டு சொன்னீங்கள்."

கையிலிருந்த வசனத் தாளை மடித்தேன்.

"அம்மா படம் பாத்திட்டு ரெண்டு நாள் அழுதவ. என்னைப் பாக்கவே இல்லை, ஷீ வுடன்ற் ஈவன் லுக் அற் மீ. கோயிலில என்னவோ எல்லாம் செய்தவ. பிறகுதான் எனக்கு மீனிங் சொன்னவ." சுற்றியிருந்தவர்கள் பார்ப்பதைக் கண்டு குரலைத் தாழ்த்தினான். "அந்த அன்ரிக்குத் தெரியுமா? யூ நியூ, ரைற்?"

"தெரியும்" என்றேன். "அக்காவுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்." பிறகு சுதனைப் பற்றிச் சொன்னேன். அக்கா கேட்டதையும் சொன்னேன். எத்தனை நாளாகக் கேட்கிறார் என்று கேட்டான். இரண்டு வருடம் என்றேன். "ஞாயிற்றுக்கிழமை போவம்" என்றான். இருபத்தாறு வயதுப் பெடியனுக்கு அதை முடிவெடுக்க ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கணவாய்க் கறியும் முருங்கைக்காயும் சமைத்து வைத்திருந்தார். நிரோஷைக் கண்டதும் அவனுடைய கன்னத்தையும் கையையும் தொட்டுப் பார்த்தார். இருக்கச் சொன்னார். சோற்றைக் குழைத்து உருட்டி, "ஆவெண்டு அப்பன்" என்றார். அவன் சின்னப் பிள்ளைபோல வாயைத் திறந்தான். மென்றான், விழுங்கினான். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது.

"உறைக்குதோ?"

"லிற்றில் பிற், அன்ரி."

"இன்னும் ஒரு வாய்." அவனுடைய சோற்றுக் கோப்பை காலியாகும் வரை அவர் ஊட்டினார். அவன் தொண்டைக்குழி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உன் நட்சத்திரம் என்ன என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. தாய்க்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டான். மிருகசீரிடம் என்றதும் அக்கா அதைக் கலண்டரில் எழுதிவைத்தார். "வெள்ளிக்கிழமை உன்ர பேரில ஒரு அர்ச்சனை செய்யிறன்" என்றார்.

அக்கா சிரித்த முகமாக இருந்தார். இனிச் சொல்லலாம் என்று எனக்குத் துணிவு வந்தது. மனப்பாரத்தை இறக்கி வைக்கிற ஆசைதான் அது, வேறொன்றுமில்லை.

"அக்கா, அண்டைக்கு நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அந்தப் பிள்ளை கட்டாயம் எண்டு சொல்லேல்லை. உங்களுக்கு விருப்பமில்லாட்டில் விடச் சொன்னவ. மூண்டாந் தரமும் அவ கேக்கேல்லை. நான்தான் கேட்டனான்."

அக்கா கை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை நிறுத்தினார்.

"அப்ப, நான் மாட்டன் எண்டது அவவுக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

"மாட்டன் எண்டிருந்தால் விட்டிருப்பினமோ?"

"விட்டிருப்பினம்."

அவர் கையைத் துடைக்க நெடுநேரம் எடுத்தது. இரண்டு வருடமாக, வேறு வழியில்லாமல் செய்தேன் என்றாவது அவருக்கு ஓர் ஆறுதல் இருந்திருக்கும். அதையும் நான் அன்று எடுத்துவிட்டேன்.

"சுதன்ர பேருக்கும் திரும்ப அர்ச்சனை செய்யலாம்தானே அக்கா" என்றேன். கேட்கக் கூடாததைக் கேட்பது எனக்குப் பழகிவிட்டது.

"அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாச்சுத்தானே, தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்கு ஒரு கோப்பையை எடுத்து வைத்துச் சோறு போட்டார். "சாப்பிடுங்கோ, ஆறப்போகுது."

சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழும்ப எனக்கு உரிமை இருக்கவில்லை.

பிள்ளைகளே, உங்களிடமும் கேட்பார்கள். இது உங்கள் வழக்கம்தானா, இதற்கு என்ன அர்த்தம், இவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்பார்கள். கேட்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் சொல்வதுதான் அவர்களுக்கு உண்மை. அந்த நேரத்தில் வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும், உங்கள் முகம் திரையில் வரப்போகிற நேரமாக இருக்கும். எதிரே இருப்பவர் சொன்னதை, அவர் சொன்னபடியே மற்ற மொழியில் சொல்லுங்கள். அதைச் செய்தால் உங்கள் காட்சி போகலாம். போனால் போகட்டும். எனக்குக் கிடைத்த அந்தக் காட்சியை நான் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வேடங்களை விட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை நானே கோயிலுக்குப் போனேன். அக்கா செய்யாவிட்டால் என்ன, அந்தப் பிள்ளையின் பெயர் அங்கே சொல்லப்படட்டும் என்று நினைத்து அர்ச்சனைச் சீட்டு வரிசையில் நின்றேன். சீட்டு எழுதிய பிள்ளை பெயர் கேட்டாள். சுதன் என்றேன்.

"நட்சத்திரம், அங்கிள்?"

வாயைத் திறந்தேன். அக்கா எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் அந்த இடத்தில் நின்று அதைச் சொல்லியிருக்கிறார். அவனுடைய சாவை மூன்று தடவை எடுத்தவன் நான். அவன் பிறந்த நட்சத்திரத்தை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"தெரியாட்டில் பரவாயில்லை அங்கிள், பேர் மட்டும் சொன்னால் காணும்" என்றாள் அவள். எழுதுகோலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வேண்டாம் பிள்ளை என்று சொல்லி விலகி நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற மனுசி முன்னால் வந்து தன் மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்.